மலைப்பாதை

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பிறந்தவருக்கு மலை என்பது பெரும்பாலும் ஏட்டுச் செய்தியே. எம்மிடம் கீரிமலை உண்டு. ஆயினும் அது பெயரளவில் மட்டுமே மலை. சமதரையிலே சைக்கிள் மிதித்துப் பழகிய நண்பர் நால்வர், கடந்த ஆவணி விடுமுறையில் வாடகை ஜீப்பொன்றில் நக்கிள்ஸ் மலைத்தொடருக்குப் புறப்பட்டோம்.

ஹுன்னஸ்கிரியவில் மகியங்கனை வீதியை விட்டு விலகி, கோர்பெட் கணவாயை அடைந்தபோது முகில் எம் காலடியிற் கிடந்தது. மீமுரே நோக்கி இறங்கும் வளைவுகளில் நால்வரும் பேச்சிழந்தோம். 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்த வனம் அது. அதன் அழகில் ஐயமில்லை.

திரும்பும்போது, மேலும் கரடான பாதை தேடித் தேயிலைத் தோட்டமொன்றினுள் நுழைந்தோம். கல்லும் குழியுமான அவ்வழி எமக்கு விளையாட்டாயிற்று. லயன் வாசலில் நின்ற முதிய தாயொருவர் சொன்னார்: "மழை பேஞ்சா வண்டி ஏறாது தம்பி, புள்ளத்தாச்சியக் கம்பளியில கட்டித்தான் எறக்குவோம்."

19ஆம் நூற்றாண்டில் மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து வந்து, மலைநாட்டுத் தோட்டங்களையும் வீதிகளையும் ஆக்கியவர்களின் வழித்தோன்றல்கள் இம்மக்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை பலர் நாடற்றவராகவே இருந்தனர்.

கரடான பாதையை இன்பமென்று நாம் கொண்டாடுவது, மாலையில் அதை விட்டு நீங்கிவிடலாம் என்பதனாலன்றோ? மலையகத்தின் காட்சிகளைப் படம் பிடித்து வரும் வடபுலத்து மாணவர், அங்குள்ளோரின் வீதி, காணி, வைத்தியசாலை பற்றிய கோரிக்கைகளையும் கேட்டு வருதல் வேண்டும். அவற்றை எமது மேடைகளிலும் பேசுதல் வேண்டும்.