பெரிய சில்லு பூட்ட முதல்

டென்மார்க் முழுக்கத் தட்டை நிலம் என்று சொல்பவர்கள் வைலேக்கு வந்து சைக்கிள் ஓடிப் பார்க்கவேண்டும். இந்த ஏற்ற இறக்கத்தில் வளர்ந்ததாலோ என்னவோ, எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஜீப் வகை வாகனங்களில் ஒரு கண். போன வருடம் பழைய சுசுக்கி ஜிம்னி ஒன்று வாங்கினேன். 1998 முதல் 2018 வரை வந்த மூன்றாம் தலைமுறை, 1.3 லீற்றர் இயந்திரம். கார் விலையின் மேற்பகுதிக்கு 150 சதவீதம் பதிவு வரி கேட்கும் நாட்டில், பழையதை வாங்கித் திருத்துவதுதான் எங்களுக்குக் கட்டும்.

வாங்கிய கிழமையே பெரிய ரயர் பற்றிக் கதைக்கத் தொடங்கினேன். அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எந்த வயலுக்குள்ள இறக்கப்போறாய்?"

அவர் பகிடி விடவில்லை. அப்பாவின் குடும்பம் வன்னியில் வயல் செய்தது. சேற்று உழவுக்கு ட்ரக்டரில் இரும்புக் கூட்டுச் சில்லு பூட்டுவார்கள். தார் வீதிக்கு வரும்போது அது இருக்காது. நிலத்தைப் பார்த்துத்தான் சில்லு.

என்னிடமும் பதில் இருந்தது. டென்மார்க்கில் காட்டுக்குள் நடக்கலாம், சைக்கிள் ஓடலாம். ஆனால் காணிக்காரரின் அனுமதி இல்லாமல் மோட்டார் வாகனம் விடமுடியாது. மேற்குக் கரையில் றோமோ, ஃபானோ தீவுகள் போன்ற சில இடங்களின் கடற்கரைகளில் கார் மணலில் இறங்கலாம். எனக்கு றோமோ மணல்தான் வயல்.

பிறகு அப்பாவும் நானும் கணக்குப் போட்டோம். உங்கள் ரயரின் பக்கத்தில் இருக்கும் எண்களைப் பாருங்கள். என்னுடையது 205/70 ஆர் 15. அகலம் 205 மில்லிமீற்றர். பக்கச் சுவரின் உயரம் அதில் 70 சதவீதம். உள்ளே இருக்கும் இரும்பு வளையம் 15 அங்குலம். கூட்டினால் முழு உயரம் 668 மில்லிமீற்றர். நான் ஆசைப்பட்ட 235/75 என்றால் 733. இடையில் இருக்கும் 215/75 என்றால் 703.

215/75 போட்டால் 35 மில்லிமீற்றர் கூடுகிறது. ஆனால் அச்சு உயர்வது அதில் பாதி, ஏறக்குறைய 18 மட்டும்தான். நீளமான சுருள்வில் போட்டு வாகனத்தைத் தூக்கலாமே என்று கேட்பீர்கள். ஜிம்னியின் அச்சு ஒரே இரும்புத் தண்டு. வில் உடலைத்தான் தூக்கும், அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். அச்சை நிலத்திலிருந்து உயர்த்துவது ரயர் மட்டுமே. வில்லின் வேலை, அந்தப் பெரிய ரயர் மட்காட்டில் முட்டாமல் இடம் கொடுப்பது.

அதோடு முடியவில்லை. சில்லு பெரிதானால் ஒரு சுற்றில் கூடத் தூரம் போகும். வேகமானி 80 காட்டும்போது பழைய ரயரோடு ஒப்பிட்டால் ஐந்து சதவீதம் கூட, அதாவது 84 அளவில் ஓடுவோம். வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது என்பது ஐரோப்பியச் சட்டம். சின்ன இயந்திரத்துக்கு ஏற்றத்தில் இழுவை குறையும். பாரமான சில்லை நிறுத்த பிரேக்குக்கு வேலை கூடும். உடலைத் தூக்கினால் பிரேக் குழாய் நீளம் போதுமா, ஸ்டியரிங் கோணம் மாறுமா என்று பார்க்கவேண்டும். 235 என்றால் இது எல்லாமே இரட்டிப்பு.

கிளிநொச்சியில் இருக்கும் மாமாவிடம் ஃபோனில் இதைச் சொன்னேன். 1990களில் பொருளாதாரத் தடை இருந்த யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காது. ஆட்கள் வாகனங்களை மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள். ஸ்ராட் ஆவதற்குச் சில துளி பெற்றோல், சூடானபிறகு மண்ணெண்ணெய். மாமாவும் அப்படி ஓடியவர்தான். அவர் சொன்னார்: "நாங்கள் மாத்தினது ஓடுறதுக்கு, தம்பி. ஒண்டை மாத்தினா மற்றது என்ன செய்யும் எண்டு பார்த்துத்தான் கை வைச்சனாங்கள்."

நான் 235 ஐ விட்டேன். சிநேகிதன் ஒருவனிடம் 215/75 சில்லு ஒன்றை இரவல் வாங்கிப் பூட்டி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தோம். ஓரிடத்தில் உரசியது. அதற்கு எவ்வளவு தூக்கவேண்டும் என்று அப்பா அடிமட்டத்தால் அளந்தார். காசு கொடுக்க முதல் அளவுகளோடு, நாங்கள் 'சூன்' என்று சொல்லும் வாகனப் பரிசோதனை நிலையத்துக்குப் போய் எதை ஏற்பார்கள், எந்தப் பத்திரம் வேண்டும் என்று கேட்டேன். காப்புறுதிக்கும் அறிவித்தேன். பிறகுதான் ரயர் வந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மணலில் கூட உதவியது 18 மில்லிமீற்றர் அல்ல, காற்றைக் குறைத்ததுதான். காற்றுக் குறைந்த ரயர் நீளமாகப் படிந்து, மணலில் புதையாமல் மிதந்து போகும். அதற்குச் செலவே இல்லை. தார் வீதிக்கு ஏற முதல் திரும்ப அடிக்க ஒரு சின்னப் பம்ப் போதும். முதலில் இதைச் செய்து பாருங்கள். அதற்குப் பிறகும் பெரிய ரயர் வேண்டும் என்றால் கணக்கைப் போடுங்கள்.

போடும்போது அப்பாவையோ மாமாவையோ பக்கத்தில் கூப்பிடுங்கள். அச்சு, வில், சில்லு என்ற சொற்கள் எல்லாம் எனக்குத் தமிழ்ப் பள்ளியில் வரவில்லை. ஜிம்னிக்குக் கீழே படுத்திருந்தபோது, லைட் பிடித்துக்கொண்டிருந்த அப்பாவிடமிருந்து வந்தவை.