மூலனூர் செங்காந்தளும் அரை மில்லிகிராம் மாத்திரையும்

‘கண்வலிக்கிழங்கு விதையை வாங்கிக்கொண்டு போய் என்ன செய்கிறார்கள்? நாமே இடித்துச் சாப்பிட்டால் மூட்டுவலி தீருமா?’ வாசகர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்விகள் இவை. பயிர் நிற்கும் ஊரைப் பார்த்துவிட்டே பதில் எழுதலாம் என்று, ஐப்பசியில் மூலனூர் பக்கம் போய் வந்தேன்.

தாராபுரத்திலிருந்து கரூர் சாலையில் போனால் மூலனூர். மழை குறைந்த வறண்ட பூமி. முருங்கை, பருத்தி, சோளம் என்று போகிற வழியில், திடீரென்று சிவப்பும் மஞ்சளுமாகத் தீ மூட்டியதுபோல் ஒரு காடு. நம் மாநில மலரான செங்காந்தள்தான். கிழங்கு கலப்பை வடிவில் இருப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும் சொல்வார்கள்.

கம்பி இழுத்துக் கட்டிய முள்கிளுவைக் குச்சிகளில், இலை நுனியையே பற்றுக்கம்பியாகச் சுருட்டிக்கொண்டு கொடி ஏறியிருந்தது. காலை எட்டு மணிக்கே பெண்கள் வரிசையில் நின்று, பூவுக்குப் பூ மகரந்தத்தைத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பூவில் சூல்தண்டு பக்கவாட்டில் வளைந்து விலகி நிற்கும். கையால் தொட்டு வைத்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும். ஆடியில் நட்ட கிழங்கு, தை மாதவாக்கில் விதை தரும்.

தோட்டக்காரர் ஒருவர் கேட்டார்: “ஏனுங்க சார், ஒரு வருசம் நல்ல விலை, மறு வருசம் பாதிக்குக் கீழ. இந்த விதைக்குள்ள அப்படி என்னதானுங்க இருக்குது?”

இருப்பது கொல்கிசின் என்ற ஒரு மூலக்கூறு. நூறு கிலோ விதையில் ஒரு கிலோகூடத் தேறாது. அதைப் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்தால்தான் மருந்து. கழுத்து, இடுப்புப் பிடிப்புக்குக் கொடுக்கும் தயோகொல்கிகோசைடு மாத்திரைக்கும் இந்தச் செடிதான் மூலப்பொருள்.

மருந்து ஆராய்ச்சியில் இத்தகையவற்றைச் ‘சிறு மூலக்கூறு’ என்பார்கள். கொல்கிசினில் மொத்தம் 54 அணுக்கள்தான். சர்க்கரை நோய்க்குப் போடும் இன்சுலினில் 788 அணுக்கள். இன்சுலினை விழுங்கினால் வயிற்றிலேயே செரித்துவிடும், அதனால்தான் ஊசி. சிறு மூலக்கூறோ குடலைத் தாண்டி ரத்தத்தில் கலந்து, செல்லுக்குள்ளேயே புகுந்துவிடும். அதனால் மாத்திரையாகவே கொடுக்கலாம்.

செல்லுக்குள் போய் என்ன செய்கிறது? கொடிப்பந்தலுக்குக் குச்சி நடுவதுபோல், ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நுண்குழாய்கள் எழும்பி நிற்கும். அவற்றைக் கட்டுகிற செங்கல் ஒரு புரதம். கொல்கிசின் அந்தச் செங்கல்லில் ஒட்டிக்கொண்டால் குழாய் எழும்பாது. யூரிக் அமிலத்தால் வரும் கவுட் என்ற மூட்டு வீக்கத்தில், வெள்ளை அணுக்கள் மூட்டுக்குப் பாய்ந்து வருவது இதனால் குறைகிறது. வீக்கமும் வலியும் வடிகின்றன.

வேளாண்மை படித்தவர்களுக்கு இது பழகிய பெயர். குழாய் எழும்பாததால் செல் பிரிய முடியாமல், குரோமோசோம் எண்ணிக்கை இரட்டிப்பாகிவிடும். 1937 முதல் பயிர் இனப்பெருக்கத்தில் இதைப் பயன்படுத்துகிறார்கள். விதையில்லாத் தர்பூசணி வந்தது இந்த வழியில்தான்.

1820-ல் பிரான்சில் பெல்லெட்டியே, காவந்து என்ற இருவர் இந்தப் பொருளை ஒரு ஐரோப்பியச் செடியிலிருந்து பிரித்தெடுத்தார்கள். 200 ஆண்டு கழித்தும் ஆராய்ச்சி முடியவில்லை. 2020-ல் ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் 5,522 இதய நோயாளிகளைப் பாதியாகப் பிரித்துச் சோதித்தார்கள். தினம் அரை மில்லிகிராம் கொல்கிசின் எடுத்தவர்களில் 187 பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 264 பேருக்கும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்பு வந்தது. 2023-ல் அமெரிக்கா இதய நோய்க்கும் இதை அனுமதித்தது. ஆனால் மாரடைப்பு வந்த உடனே கொடுத்துப் பார்த்த இன்னொரு பெரிய சோதனையில் பலன் தெரியவில்லை என்று 2024-ல் முடிவு வந்தது. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதை இப்படிச் சோதித்துத்தான் அறிய முடிகிறது.

இரண்டாவது கேள்விக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. விதையை, கிழங்கை ஒருபோதும் சாப்பிடாதீர்கள். ஒரு கிராம் விதையிலேயே பல மாத்திரைகளின் அளவு இருக்கும். எத்தனை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அளவு மீறினால் குடல், எலும்பு மஜ்ஜை என வேகமாகப் பிரியும் செல்களெல்லாம் முடங்கும். இதற்கு நம் மருத்துவமனைகளில் முறிமருந்து கிடையாது. வாந்தி, பேதி தொடங்கவே பல மணி நேரம் ஆகலாம். ‘ஒன்றும் செய்யவில்லையே’ என்று காத்திருக்காமல், உடனே 108-ஐ அழையுங்கள். எதைத் தின்றார் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தோட்டத்தில் செய்ய வேண்டியவை:

விதைக் கிழங்கைச் சமையல் கிழங்குகளோடு வைக்காதீர்கள். பூட்டிய அறையில், பிள்ளைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் எட்டாதபடி வையுங்கள்.

காய் உடைக்கும்போது கையுறையும் முகத்துணியும் போடுங்கள். சோப்புப் போட்டுக் கைகழுவிய பிறகே சாப்பாடு.

விதையை நிழலில் நன்றாகக் காயவையுங்கள். பூஞ்சணம் பிடித்ததைக் கலக்காதீர்கள்.

விலை விஷயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2009-க்குப் பிறகு அமெரிக்காவில் ஒரு கொல்கிசின் மாத்திரையின் விலை சுமார் 9 சென்டிலிருந்து 5 டாலரை ஒட்டி ஏறியது. அந்த ஏற்றம் தானாக நம் களத்துக்கு வந்து சேராது. வாங்குகிறவர்கள் சிலர், விற்கிறவர்கள் பலர், விதை வேறு எதற்கும் உதவாது என்ற நிலையில், தனியாக நிற்பவருக்குப் பேரம் பேச வழியில்லை. பத்துப் பேராவது சேருங்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இருந்தால் அதன் வழியாக விதையின் கொல்கிசின் அளவை ஆய்வகத்தில் பரிசோதித்து, அந்தச் சீட்டோடு விலை பேசுங்கள். வாங்குவதாக எழுத்தில் ஒப்பந்தம் கையில் வந்த பிறகே புதிதாகக் கிழங்கு நட முதல் போடுங்கள். ஒரே வருட விலையைப் பார்த்து முழுக் காட்டையும் இதற்கே விடாமல், கால் பங்கோடு தொடங்குங்கள்.