எருமைகள் போன பிறகு

பரத்பூர் கேவலாதேவ் பறவைகள் சரணாலயத்தில் ஒரு கல்வெட்டு உண்டு. சமஸ்தான காலத்து வாத்து வேட்டைகளின் கணக்கு அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1938-ல் வைசிராய் லின்லித்கோ வந்திருந்தபோது ஒரே நாளில் சுடப்பட்டவை 4,273 பறவைகள். சில வருடங்களுக்கு முன் அதன் எதிரே நின்றபோது எனக்குள் எழுந்தது எளிய கோபம்தான். துப்பாக்கிகள் ஓய்ந்தன, காவல் வந்தது, உயிர்கள் தழைத்தன என்று மிச்சக் கதையை மனம் தானாகவே எழுதி முடித்துவிட்டது.

பிறகு வாசித்தபோதுதான் நடந்தது வேறு என்று தெரிந்தது. சரணாலயம் தேசியப் பூங்காவானதை அடுத்து 1982-ல் அங்கே மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. தலைமுறைகளாக எருமைகளை ஓட்டிவந்த கிராமத்தினர் எதிர்த்தனர். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் சிலர் மாண்டனர். எருமைகள் வெளியேறின. அவை தின்றுவந்த பாஸ்பேலம் என்னும் நீர்ப்புல் தடையின்றிப் படர்ந்து நீர்ப்பரப்பை மூடியது. திறந்த நீரை நம்பி வந்த பறவைகளுக்கு இடமில்லாமல் போயிற்று. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வு, அந்தச் சதுப்பு நிலத்துக்கு எருமைகள் தேவை என்ற முடிவுக்கே வந்து சேர்ந்தது.

இந்தப் புதிரை எனக்கு அவிழ்த்துக் காட்டியது முற்றிலும் வேறொரு இடத்தில் நடந்த சோதனை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பசிபிக் கரையில், 1963-ல் ராபர்ட் பெய்ன் என்னும் சூழலியலாளர் ஒரு பாறைப் பகுதியிலிருந்து நட்சத்திர மீன்களை மட்டும் பெயர்த்தெடுத்துக் கடலில் வீசத் தொடங்கினார். அவை மட்டிகளைத் தின்று வாழ்பவை. கொல்லும் உயிர் அகன்றால் மற்றவை செழிக்கும் என்றுதானே நாம் எண்ணுவோம்? அவர் கணக்கெடுத்த 15 இனங்கள் 8 ஆகச் சுருங்கின. மட்டிகள் பெருகிப் பாறையைப் பிடித்துக்கொண்டு பிறவற்றை வெளியே தள்ளிவிட்டன. பாறை நிறைய உயிர்கள் இருந்தன, வகைகள்தான் இல்லை.

இனச்செழுமை என்பதை அதுவரை ஒரு பட்டியலின் நீளமாகவே புரிந்துவைத்திருந்தேன். வலியது ஒன்று எல்லா இடத்தையும் எடுத்துக்கொள்ளாதபடி ஏதோ ஒன்று அதை நாள்தோறும் குறைத்துக்கொண்டே இருப்பதால்தான் பல சமயம் அந்தப் பட்டியல் நீள்கிறது. கடற்பாறையில் அந்த வேலையைச் செய்தது நட்சத்திர மீன், பரத்பூரில் எருமை. மேய்ச்சல் எல்லாமே நன்மை என்று இதற்குப் பொருளில்லை. அளவு மீறினால் அதே எருமை நிலத்தை மொட்டையாக்கிவிடும். எவ்வளவு என்பது ஒவ்வொரு நிலத்திலும் தனியே கற்கவேண்டிய பாடம்.

பின்னாளில் கிராமத்தினர் உள்ளே வந்து புல்லறுக்க அனுமதிக்கப்பட்டனர். எருமையின் வேலை அரிவாளுக்கு வந்தது.

அன்று நான் பார்த்த பறவைகளின் பெயர்களை எழுதிய தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. நீளமான பட்டியல்தான். அதில் எருமை இல்லை. அதை மேய்த்த உரிமைக்காக மாண்டவர்களும் இல்லை.