மஞ்சள் துணியில் முடிந்த பணம்

குடிபெயர்ந்த குடும்பங்களின் பெட்டிகளில் பொன்னினும் பத்திரமாய்க் கிடப்பவை சில உண்டு. சித்தூரில் எங்கள் அன்னையார் விட்டுச் சென்ற பெட்டியில், திருமலை உண்டியலுக்கென மஞ்சள் துணியில் முடிந்த பணம் இருந்தது: இரண்டு ரூபாய்த் தாள்கள் ஒன்பது, பழைய ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்று. வைத்துக்கொள்வதா, செலுத்திவிடுவதா என்ற வழக்கு உடன்பிறந்தார் மூவரிடையே எழுந்தது.

கை பல மாறிக் கசங்கிய தாள்களுக்குச் சேகரிப்போர் பெருவிலை தருவதில்லை. ஆயினும் மனம் விடவில்லை. தாளின் மொழிப்பட்டியில் தமிழும், அதனடியில் தெலுங்கும் அடுத்தடுத்து நிற்கின்றன. 1953-இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்த சித்தூரில் தமிழர் வாழும் வாழ்வும் அவ்வாறே அன்றோ!

ஐந்நூறு ரூபாய்த் தாள் 2016 நவம்பர் 8 நள்ளிரவோடு செல்லாததாயிற்று. அத்தகைய தாள்களை ஒருவர் பத்து வரை வைத்திருக்க 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தருகிறது. இரண்டு ரூபாய்த் தாளோ, அச்சிடுவது நின்ற பின்னும், இன்றும் செல்லும்.

வழக்கு இதனால் தீர்ந்தது. நேர்ந்துகொண்ட அன்றே அப்பணம் வேங்கடவனுடையதாகிவிட்டது. செல்லும் பணத்தை அழகு பார்த்து வைத்திருப்பது பிறர் பொருளை வைத்திருப்பதே. திருப்பதி சென்று மலையேறி, ஒன்பது தாள்களையும் ஐந்நூற்றுக்கு ஈடாகப் புதிய தாளொன்றையும் உண்டியலில் சேர்த்தோம்.

செல்லாத தாள் எங்களிடம் உள்ளது. தெலுங்குப் பள்ளியில் பயிலும் பேரப்பிள்ளைகள் அதிலுள்ள தமிழ் வரியை எழுத்துக்கூட்டிப் படிக்கின்றனர். அந்த அளவில் அது இன்னும் செல்லுகிறது.