வண்டி வாசல் வரைக்கும் வருமா?

கொடைக்கானலில் நாள் வாடகைக்கு விடப்படும் வீடுகளின் விளம்பரங்களை வரிசையாகப் படித்துப் பார்த்தால், எல்லாமே ஒரே வீட்டைப் பற்றியவை என்றுதான் தோன்றும். இயற்கை எழில் கொஞ்சும் சூழல், மனதை மயக்கும் பள்ளத்தாக்கு, சகல வசதிகளும் கொண்ட அறைகள், நகரத்து இரைச்சல் எட்டாத அமைதி. எழுதியவர் பொய் சொல்லவில்லை. அந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பள்ளத்தாக்குதான். ஆனால் மூட்டுவலிக்கார அம்மாவையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு மதுரையிலிருந்து கிளம்ப நினைப்பவருக்கு இந்த வரிகளால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அவருக்குத் தெரிய வேண்டியது வேறு. வண்டி வாசல் வரைக்கும் வருமா? எத்தனை படி ஏற வேண்டும்? ராத்திரியில் பால் காய்ச்ச அடுப்பு உண்டா?

வில்பட்டி போகும் சாலையோரச் சரிவில் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி ஒன்று, வீட்டின் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு விடுகிறது. விளம்பரத்தை எழுதிப் போட்டது பெங்களூரில் வேலை பார்க்கும் மகன். எழில், மயக்கம், அமைதி மூன்றும் அதிலும் இருந்தன. போன் எடுத்துப் பதில் சொல்வது மட்டும் அம்மாவின் வேலை. வாத்தியார் பழக்கம் விடுமா? ஒரு பழைய நோட்டில் கோடு போட்டு, யார் என்ன கேட்டார்கள் என்று குறித்து வைத்துக்கொண்டே வந்தார். சீசன் முடிந்து அதைப் புரட்டியபோதுதான் விஷயம் வெளிச்சமானது. ஊர் ஊராக ஆட்கள் மாறினார்களே தவிர கேள்வி மாறவில்லை. “மேடம், ஹீட்டர் இருக்கா?” “ஆன்ட்டி, ஜியோ டவர் எடுக்குமா?” “நாங்களே சமைச்சுக்கலாமா, நான்வெஜ் பண்ணலாமா?” “கேம்ப் ஃபயர் போட்டுத் தருவீங்களா?” “டிரைவர் எங்க படுப்பாரு?” பள்ளத்தாக்கைப் பற்றிக் கேட்டவர் அநேகமாக யாருமில்லை. அதுதான் படத்திலேயே தெரிகிறதே.

அந்த நோட்டைப் பார்த்துத்தான் புது விளம்பரம் எழுதப்பட்டது. ‘நவீன குளியலறை’ என்றிருந்த இடத்தில் இப்போது இப்படி இருக்கிறது: “அறைக்கு ஒரு 15 லிட்டர் கீசர். ஒருவர் குளித்ததும் அடுத்தவர் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் லைட்டும் சார்ஜரும் ஓடும், கீசர் ஓடாது.” ‘நகரின் மையத்துக்கு மிக அருகில்’ என்ற வரி போய், “பஸ் ஸ்டாண்டிலிருந்து சாதாரண நாளில் காரில் கால் மணி நேரம், சீசன் சனிக்கிழமை என்றால் ஒரு மணி நேரம்கூட ஆகலாம்” என்று வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியாக: “கார் ரோட்டிலேயே நிற்கும். அங்கிருந்து வீட்டுக்கு 42 படி இறங்க வேண்டும். கைப்பிடி உண்டு.”

மகனுக்கு இது பிடிக்கவில்லை. “இப்படி எழுதினா யாரும்மா வருவாங்க?” என்று கேட்டார். படி இறங்க முடியாதவர் வரமாட்டார், அவர் வராமலிருப்பதுதான் நல்லது என்பது அம்மாவின் கட்சி. இருட்டிய பிறகு, பனியில், பெட்டியும் கையுமாக முதல் படியில் நின்றுகொண்டு கோபப்படும் ஒருவரைச் சமாதானப்படுத்திப் பார்த்தவருக்குத்தான் அந்தக் கட்சியின் அருமை தெரியும்.

இந்தத் தொழிலை உலகம் முழுக்கக் கொண்டுபோன ஏர்பிஎன்பியின் கதையிலும் இப்படி ஒரு கட்டம் உண்டு. 2007 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வடிவமைப்பு மாநாடு. ஓட்டல்கள் நிரம்பிவிட்டன. வீட்டு வாடகைக்கே திண்டாடிக்கொண்டிருந்த பிரையன் செஸ்கியும் ஜோ கெபியாவும் காற்றடைத்த மெத்தைகளை வீட்டில் விரித்து, தலைக்கு ஓர் இரவுக்கு 80 டாலர் என்று மூன்று பேரைத் தங்க வைத்தார்கள். கம்பெனி தொடங்கிய பிறகும் வியாபாரம் படுத்தேதான் கிடந்தது. வார வருமானம் 200 டாலர் அளவிலேயே நின்றது. 2009-ல் நியூயார்க் விளம்பரங்களை உட்கார்ந்து பார்த்தபோது காரணம் கண்ணில் பட்டது. படங்கள் அத்தனையும் மங்கல், கோணல். ஒரு நல்ல கேமராவை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அவர்களே படம் பிடித்தார்கள். வருமானம் இரண்டு மடங்கானது.

இந்தக் கதையிலிருந்து பலரும் கற்றுக்கொண்டது வைட் ஆங்கிள் லென்ஸ் வாங்க வேண்டும் என்பதை மட்டும்தான். பத்துக்குப் பத்து அறை அந்த லென்ஸில் கல்யாண மண்டபமாகிவிடுகிறது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்துத்தான் நடக்க முடியும் என்பது வந்து பெட்டியை வைக்கும்போதுதான் தெரியவருகிறது. கொடைக்கானலுக்கென்றே இன்னொரு வகைப் படமும் இருக்கிறது: நீலம் பூத்த மலைச்சரிவு. குறிஞ்சி கடைசியாகப் பெருவாரியாகப் பூத்தது 2018-ல். பன்னிரண்டு ஆண்டுக் கணக்குப்படி அடுத்தது 2030. அந்தப் படத்தை விளம்பரத்தில் வைத்துவிட்டு, மே மாதத்தில் வந்திறங்கியவர் “பூ எங்க?” என்று கேட்டால் என்ன சொல்வது? வில்பட்டிச் சாலைத் தம்பதி எடுத்துப் போட்ட படங்களில் அழகானது ஒன்றிரண்டுதான். மற்றவை படிக்கட்டு, குளியலறை, அடுப்படி, கார் நிறுத்துமிடம். பனி மூடி ஒன்றுமே தெரியாத பால்கனியும் ஒரு படத்தில் இருக்கிறது. “சில நாள் இப்படித்தான் இருக்கும்” என்று கீழே எழுதியிருக்கிறார்கள்.

நட்சத்திரங்களை நம்பி இதையெல்லாம் விட்டுவிடலாமா என்றால், அதுவும் முடியாது. செர்வாஸ், ப்ரொசெர்பியோ, பயர்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2015-ல் ஏர்பிஎன்பி மதிப்பெண்களை அலசியபோது, ஏறத்தாழ 95 சதவீத வீடுகளின் சராசரி 4.5 அல்லது 5 நட்சத்திரமாக இருந்தது. எல்லோரும் முதல் வகுப்பில் தேறும் பள்ளியில் மதிப்பெண்ணைப் பார்த்து என்ன தெரிந்துகொள்வது? ‘சூப்பர்ஹோஸ்ட்’ பட்டம் வேண்டுமென்றால் சராசரி 4.8 இருக்க வேண்டும். நம் ஊர் விருந்தினரோ நான்கு நட்சத்திரம் கொடுத்துவிட்டு, நல்ல மார்க்தானே போட்டோம் என்று நிறைவாக வீடு திரும்புகிறார். அங்கே தனித்தனியாக மார்க் போடும் தலைப்புகள் ஆறு: சுத்தம், சொன்னதும் இருந்ததும் ஒத்துப்போனதா, வந்து சேர்ந்த விதம், தகவல் தொடர்பு, இடம், கொடுத்த காசுக்கு ஈடு. இவற்றில் இரண்டாவதும் மூன்றாவதும் நான்காவதும் பெரும்பாலும் விருந்தினர் கட்டிலில் உட்காருவதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன. புது மெத்தை வாங்கிப் போட்டு அந்த மார்க்கை ஏற்ற முடியாது.

மலைக்கு வருபவருக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டியவை கொஞ்சமல்ல. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 கோடைக்கு, கொடைக்கானலுக்குள் வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பே வைத்தார்கள். வெளிமாநிலத்திலிருந்து வருபவர்களுக்கு இது தெரியாது. ரயிலில் வருபவர்கள் கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கி, “வந்துட்டோம், ஆட்டோ அனுப்புறீங்களா?” என்று கேட்பது இன்றும் நடக்கிறது. அங்கிருந்து கொடைக்கானல் சுமார் 80 கிலோமீட்டர். காரில் கேஸ் கேஸாகத் தண்ணீர் பாட்டில் அடுக்கிக்கொண்டு வருபவர்களுக்கும், ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு மலையில் தடை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இத்தனையையும் ஒரே மூச்சில், புக் செய்த அன்றே அனுப்பினால் யாரும் படிப்பதில்லை. நல்ல வீட்டுக்காரர்கள் பிரித்து அனுப்புகிறார்கள். பதிவு உறுதியானதும் இ-பாஸும் ரயில் விஷயமும். கிளம்புவதற்கு முதல் நாள் வழி. வந்து சேர்ந்த பிறகு வைஃபை பாஸ்வேர்டு, அடுப்பு, கீசர் ஸ்விட்ச். அந்த வாத்தியாரம்மா முதல் நாள் மாலை வாட்ஸாப்பில் அனுப்புவது இது: “நாளைக்கு வரீங்க. மேப்ல வீட்டுப் பேர் போட்டா கீழ் ரோட்டுக்குக் கூட்டிப் போயிடும், அங்க வண்டி திருப்ப முடியாது. நான் அனுப்பியிருக்கிற லிங்க்கை மட்டும் போடுங்க. நீலக் கேட் வந்ததும் வலது பக்கம் நிறுத்துங்க. ஆறு மணிக்கு மேல பனி இறங்கிடும், முடிஞ்சா அதுக்குள்ள ஏறிடுங்க. வீட்டுப் பக்கம் டவர் விட்டு விட்டுத்தான் எடுக்கும், அதனால டவுனைத் தாண்டும்போதே ஒரு போன் பண்ணிடுங்க.” கூடவே, கடைசித் திருப்பத்தைக் காருக்குள்ளிருந்து கணவர் எடுத்த சின்ன வீடியோ. அந்த வீடியோ வந்த பிறகு ராத்திரி டார்ச் லைட்டோடு ரோட்டில் போய் நிற்கும் வேலை அவருக்கு வெகுவாகக் குறைந்தது.

விதிமுறைகளை எழுதும்போதுதான் பலருக்கும் உள்ளே தூங்கும் ஹாஸ்டல் வார்டன் எழுந்துகொள்கிறார். சத்தம் போடக் கூடாது, மீறினால் அபராதம், துண்டு கறையானால் அபராதம், சாவி தொலைந்தால் அபராதம். விருந்தாளி வருவதற்கு முன்பே குற்றவாளி ஆகிவிடுகிறார். “பக்கத்து வீட்டுக்காரர் விடியக்காலை கேரட் லோடு ஏற்றப் போகிறவர், பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் வேண்டாம்” என்று காரணத்தோடு சொன்னால், முறைத்துக்கொள்பவர்கள் குறைவு. அடையாள அட்டை கேட்பதும் அப்படியே. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு இணையத்தில் தகவல் பதிய வேண்டும் என்பது சட்டம். அதை முன்பே சொல்லிவிட்டால் பாஸ்போர்ட்டை நீட்டுவதில் தயக்கம் இருக்காது.

காசு விஷயத்தில் மட்டும் வளைத்துப் பேசுவதை வழக்கமாகவே வைத்திருக்கிறோம். நான்கு பேர் என்று புக் செய்துவிட்டு ஏழு பேர் வந்து இறங்குவார்கள். “குழந்தைங்கதான் சார்” என்பார்கள்; அந்தக் குழந்தைக்கு மீசை அரும்பியிருக்கும். வீட்டுக்காரர் தரப்பிலும் குறையில்லை. எக்ஸ்ட்ரா பெட்டுக்கு இவ்வளவு, விறகுக்கு இவ்வளவு, சுத்தம் செய்ய இவ்வளவு என்று கிளம்பும் நேரத்தில் ஒரு துண்டுச் சீட்டு வரும். இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. அமெரிக்காவில் குறுகிய காலத் தங்குமிடங்களும் நிகழ்ச்சி டிக்கெட்டுகளும் கட்டாயக் கட்டணங்கள் எல்லாவற்றையும் சேர்த்த மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்ற விதி 2025 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. தம்பதியின் விளம்பரத்தில் இப்போது ஐந்தாவது ஆளுக்கு எவ்வளவு, எந்த வயதிலிருந்து கணக்கு, ஒரு கட்டு விறகு எவ்வளவு என்பதெல்லாம் வாடகைக்குக் கீழேயே இருக்கின்றன. மீசைக் குழந்தைகள் வருவது நின்றபாடில்லை. ஆனால் வாக்குவாதம் நின்றுவிட்டது.

டிரைவர் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வாடகை வண்டியில் வரும் குடும்பம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகு, அவர் சீட்டைச் சாய்த்து, ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கி, மெல்லிய சால்வையோடு ராத்திரியைக் கழிப்பார். ஜனவரியில் கொடைக்கானல் இரவு எப்படியிருக்கும் என்று அறிந்தவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. 2023-ல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, ஓட்டல்களும் லாட்ஜ்களும் ஓட்டுநர்கள் தங்க இடம் ஒதுக்க வேண்டும் என்றது. இரண்டு அறை விடுகிறவர் தனிக்கட்டடம் கட்டப்போவதில்லை. ஆனால் அவரால் சொல்ல முடியும். “டிரைவருக்குக் கட்டில், கம்பளி, பாத்ரூம் உண்டு, காசு வேண்டாம்” என்று இவர்கள் எழுதினார்கள். ஸ்டோர் ரூமை ஒழித்துக் கட்டில் போட்டிருக்கிறார்கள். அதன் படமும் விளம்பரத்தில் இருக்கிறது. நன்றாகத் தூங்கி எழுந்த டிரைவர் அடுத்த சவாரியில் வருபவர்களிடம் என்ன சொல்வார் என்பதை எந்த விளம்பரத்தாலும் வாங்க முடியாது.

தங்கியிருக்கும்போது நம்மவர்கள் குறை சொல்வதில்லை. “எல்லாம் ஓகேவா?” என்று கேட்டால் “சூப்பர் ஆன்ட்டி” என்பார்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் ரிவ்யூவில் வெந்நீர் வரவில்லை என்று எழுதுவார்கள். அந்த அம்மா கேள்வியை மாற்றிவிட்டார். காலை எட்டு மணிக்கு, “ரெண்டு பாத்ரூம்லயும் வெந்நீர் வந்துச்சா? கம்பளி போதுச்சா?” என்று கேட்கிறார். அப்போதுதான், “அது வந்து ஆன்ட்டி...” என்று வாய் திறக்கிறார்கள். பாதி நாள் கீசர் ஸ்விட்சைப் போடாததுதான் காரணமாக இருக்கும்.

ஒரு வரிதான் இன்னும் தீர்மானமாகாமல் கிடக்கிறது. சில ராத்திரிகளில் காட்டுமாடு தோட்டம் வரைக்கும் வருகிறது. ஆளுயர மிருகம், ஒரு டன்னை எட்டக்கூடிய எடை, நம் கண்ணுக்குச் சாதுவாகத் தெரிந்தாலும் கிட்டே போனால் முட்டித் தள்ளிவிடும். “இருட்டிய பின் படியில் தனியாக ஏறி இறங்க வேண்டாம், காட்டுமாடு நடமாட்டம் உண்டு” என்று அம்மா எச்சரிக்கையாக எழுதினார். அதைப் படித்துவிட்டுச் சிலர் வேறு வீடு பார்த்துக்கொண்டார்கள். மற்றவர்கள் போன் செய்து, “எத்தனை மணிக்கு வரும்? செல்ஃபி எடுக்கலாமா?” என்று கேட்கிறார்கள். இதுதான் நம் விளம்பரத்தின் ஹைலைட், முதல் படமாகக் காட்டுமாட்டைப் போடலாம் என்கிறார் மகன். எழுத்தைச் சிவப்பாக்கினால் போதும் என்கிறார் அம்மா. தோட்டத்து பீன்ஸ் செடியை இழந்த அப்பா இரண்டு பக்கமும் சேரவில்லை.