கெங்கவல்லி கடற்படை

கெங்கவல்லியில் கடல் கிடையாது. இதைச் சொல்ல வாரா வாரம் ஒரு பத்தி தேவையில்லைதான். ஆத்தூருக்குத் தெற்கே, பச்சைமலைப் பக்கம் இருக்கிற சின்னப் பேரூராட்சி. சுற்றிலும் மரவள்ளிக் காடு, மக்காச்சோளம். ஊரை ஒட்டி சுவேத நதி ஓடுகிறது என்று மேப் சொல்கிறது. வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் நான் பார்த்தவரை ஓடுவது மணல்தான். அங்கே பையன்கள் நீச்சல் கற்றுக்கொள்வது கிணற்றில்.

அப்பேர்ப்பட்ட ஊரில், நண்பன் வீட்டுக் காதுகுத்துக்குப் போன இடத்தில், ஒரு சுவரில் போர்க்கப்பல் படம் தொங்கியது. சாமி படத்துக்குப் பக்கத்தில், அதே உயரத்தில்.

"பெரியப்பா நேவில இருந்தாரு. ஸ்ரீலங்காவுக்கெல்லாம் போயிருக்காரு" என்றான் நண்பன்.

எனக்கு உடனே நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. பத்தி எழுதுகிறவன் புத்தி அப்படி. விருந்து, கறிக்குழம்பு எல்லாம் மறந்து, பெரியப்பா பக்கத்தில் பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

கதைக்குள் போகும் முன், உங்களுக்குக் கொஞ்சம் பழைய கணக்கு. 1987 ஜூலை 29-ம் தேதி ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் கையெழுத்துப் போட்டார்கள். இந்திய அமைதிப்படை போனது. எனக்கு அப்போது ஏழு வயசு. 'அமைதிப்படை' என்றால் சத்தம் போடாமல் நடக்கிற போலீஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஒப்பந்தத்தில் கடலைப் பற்றியும் ஒரு வரி உண்டு. தமிழ்ப் போராளிகளின் நடவடிக்கைகள் இலங்கையைப் பாதிக்காமல் தடுக்க, இந்தியக் கடற்படையும் கடலோரக் காவல் படையும் இலங்கைக் கடற்படையோடு ஒத்துழைக்கும் என்று. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், கடலில் ஒரு படகு பிடிபட்டால் அந்த ஆட்களை என்ன செய்வது? கடைசி வார்த்தை யாருடையது? ஒத்துழைப்பு என்ற ஒரு வார்த்தைக்குள் அந்தக் கேள்விகளை அடைத்துவிட்டார்கள்.

கேள்வி சும்மா இருக்குமா? இரண்டே மாசத்தில் எழுந்து வந்து நின்றது. அக்டோபர் 3-ம் தேதி, பருத்தித்துறைக்கு அப்பால் ஒரு படகை இலங்கைக் கடற்படை மடக்கியது. உள்ளே 17 புலிகள். குமரப்பாவும் புலேந்திரனும் அதில் இருந்தார்கள். பலாலிக்குக் கொண்டுபோனார்கள். விசாரணைக்குக் கொழும்பு அனுப்ப வேண்டும் என்றது இலங்கை அரசு. பொதுமன்னிப்பு கொடுத்த பிறகு எப்படிப் பிடிக்கலாம் என்று கேட்டார்கள் புலிகள். நடுவில் கையைப் பிசைந்துகொண்டு இந்தியா. அக்டோபர் 5-ம் தேதி சயனைடு கடித்து 12 பேர் செத்துப்போனார்கள். 10-ம் தேதி, அமைதியைக் காக்கப் போன படை சண்டையில் இறங்கிவிட்டது.

போருக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். திலீபன் உண்ணாவிரதம் இருந்து செப்டம்பர் 26-ம் தேதி உயிரை விட்டிருந்தார். வேறு பல கசப்புகளும் இருந்தன. ஆனால், நிரம்பியிருந்த பானையைக் கவிழ்த்தது ஒரு படகு.

நான் பெரியப்பாவிடம் கேட்கப் போனது இதையெல்லாம் அல்ல. எனக்கு வேண்டியது சினிமா. அக்டோபர் 21-ம் தேதி, யாழ்ப்பாணம் குருநகர் இறங்குதுறையில் நம் கடற்படை கமாண்டோக்கள் வெடிமருந்தோடு நீந்திப் போய்ப் படகுகளைத் தகர்த்தார்கள். தலைமை தாங்கிய லெப்டினென்ட் அரவிந்த் சிங்குக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. அதே அக்டோபர் 21-ல்தான், இந்தியப் படை நுழைந்த யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸ்களும் சுடப்பட்டுச் செத்தார்கள். ஒரே ஊர், ஒரே தேதி. ஒன்றுக்கு மெடல். இன்னொன்றுக்கு இன்றைக்கும் அழுகிறார்கள்.

"நீங்க அந்த கமாண்டோ டீமா பெரியப்பா?"

சிரித்தார். "நான் சாதா செய்லர் தம்பி. ரோந்து போவோம். படகைப் பார்த்தா நிறுத்தி, ஏறிப் பார்க்கணும். தமிழ் தெரிஞ்சவன்னு என்னைத்தான் முதல்ல ஏத்துவாங்க."

என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். மீன்பிடிக்கிற படகில் எதற்கு இத்தனை மோட்டார்? போக வேண்டிய தூரத்துக்கு மேல் எதற்கு எண்ணெய்? வலை நனைந்திருக்கிறதா? எல்லாவற்றுக்கும் முதலில் மூக்கு. "மீன் வாடை அடிக்கலைன்னா, உஷாராயிடணும்." பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். பெரிய கப்பல் எல்லா இடத்துக்கும் போக முடியாது. அங்கெல்லாம் சின்னப் படகில்தான் நெருங்க வேண்டும். எதிரே இருப்பவன் முகம் தெரிகிற தூரம்.

"ஒரு நாள் விடியக்காலம். பத்துப் பதினஞ்சு பேர், நம்ம கரைக்குப் போற சனம். பொம்பளைங்க, வயசானவங்க. மூலையில ஒரு துணி மூட்டை. நான் ஏறினதும் அது அசைஞ்சுது."

நிறுத்தினார். தண்ணீர் குடித்தார்.

"கை துப்பாக்கிக்குப் போயிடுச்சு தம்பி. அப்புறம் அழுகைச் சத்தம் வந்துச்சு. குழந்தை."

சோதித்தார்கள். ஒன்றுமில்லை. போகச் சொல்லிவிட்டார்கள். இறங்கும்போது ஒரு கிழவி கேட்டாளாம்.

"தம்பி, நீங்கள் எந்த ஊர்?"

"சேலம் பக்கம் கெங்கவல்லிங்கம்மா."

"அங்க கடல் இருக்கோ?"

"இல்லைங்கம்மா."

"அப்ப எங்கட கடலுக்கு ஏன் வந்தனீங்கள்?"

அவள் கோபமாகக்கூடக் கேட்கவில்லையாம். தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறாள்.

எனக்குப் பேச்சு வரவில்லை. நான் பி.காம். எதையும் பற்று, வரவு என்று இரண்டு பக்கமாகப் பிரித்தே பழக்கம். அமைதிப்படைக் கணக்கில் பற்றுப் பக்கம் தெளிவாக இருக்கிறது. 1990 மார்ச்சில் கடைசி வீரர் திரிகோணமலையில் கப்பல் ஏறியபோது, 1,100-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் திரும்பி வராமல் போயிருந்தார்கள். இறந்த யாழ்ப்பாணத்து சனங்களும் அந்தப் பக்கம்தான். ஆனால் அந்தத் துணி மூட்டை? நடக்காமல் போன ஒன்றை எந்த லெட்ஜரில், எந்தத் தலைப்பில் எழுதுவது? காவல் வேலையின் லாபமெல்லாம் நடக்காத விஷயங்கள்தான்.

உலகம் இதில் கொஞ்சம் பாடம் படித்திருக்கிறது. 2006-ல் லெபனான் யுத்தம் நின்றதும், ஆயுதம் கடல் வழியாக வராமல் தடுக்க ஐ.நா. அமைதிப்படைக்கென்று ஒரு கப்பல் அணி வந்தது. அமைதிப்படை வரலாற்றில் அப்படி ஒன்று அதுதான் முதல் தடவை. லெபனான் அரசே கேட்டு வந்த அணி. அவர்கள் கப்பல்களை ரேடியோவில் கூப்பிட்டு, பேர் என்ன, எங்கிருந்து வருகிறாய், என்ன சரக்கு என்று விசாரிப்பார்கள். சந்தேகம் என்றால் சோதிப்பது லெபனான் அதிகாரிகள். கடைசி வார்த்தை யாருடையது என்பது அங்கே தெளிவு. 2025 ஆகஸ்டில், அந்தப் படையின் வேலையை 2026 டிசம்பர் 31-ம் தேதியோடு முடித்துக்கொள்ளலாம் என்று பாதுகாப்பு சபை தீர்மானம் போட்டது. எப்போது கிளம்புவோம் என்பதற்கும் ஒரு தேதி.

ஆறு இன்னும் கஷ்டம். கடலில் எதிரி தூரத்தில் தெரிவான். ஆற்றில் இரண்டு கரையிலும் புதர். தெற்கு சூடானில் மழை வந்தால் ரோடுகள் சேறாகிவிடும். மலக்கால் முகாமுக்கு அரிசியும் டீசலும் வெள்ளை நைல் வழியாகத்தான். 2014 ஏப்ரலில் அப்படிப் போன ஐ.நா. படகுகளைக் கரையிலிருந்து சுட்டார்கள். நான்கு பேருக்குக் காயம். அதற்குப் பிறகு, ஆற்றுக் காவலுக்கென்றே தனிப் பிரிவு ஒன்று வங்கதேசத்திலிருந்து போனது. ஆற்றிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

நம் ஆள் கிணற்றில் நீச்சல் பழகியவர்.

"அந்தம்மாவுக்கு என்ன பதில் சொன்னீங்க பெரியப்பா?"

"என்னத்த சொல்றது? அனுப்பினாங்க, வந்தேன். அதை அவங்ககிட்டச் சொல்ல முடியுமா?" என்றார். "அந்தக் குழந்தைக்கு இப்ப நாப்பது வயசு நெருங்கும். கரை சேர்ந்திருந்தா."

அமைதிப்படையை எங்கே அனுப்பினாலும், கிளம்புவதற்கு முன் அந்தக் கிழவியின் கேள்விக்கு ஒரு பதிலை எழுதி வீரனின் சட்டைப் பையில் வைத்து அனுப்ப வேண்டும். யார் கூப்பிட்டார்கள், கடலில் யார் சொல்வது சட்டம், எப்போது திரும்புவோம். மூன்றே வரி போதும். அந்த மூன்று வரி இல்லாமல்தான் 1987-ல் அனுப்பினோம்.

கிளம்பும்போது பாலம் வரைக்கும் கூட வந்தார் பெரியப்பா. கீழே சுவேத நதி, காய்ந்த மணலாகக் கிடந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆத்துல தண்ணி வந்தா போன் பண்றேன் தம்பி. கண்டிப்பா வரணும்."

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.