செவலையின் காதும் மாட்டுக்கறி மீதான வழக்கும்

'சொறிநாய்' என்ற வசைக்குத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. அதை யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று கவனித்தாலே போதும். நோய், அழுக்கு, தெரு, பிறப்பு எல்லாவற்றையும் ஒரே சொல்லில் கட்டி ஒருவர் மேல் எறிந்துவிடலாம். வெள்ளைக்காரன் இன்னும் ஒரு படி மேலே போனான். இந்த மண்ணின் ஊர் நாய்க்கு அவன் வைத்த பெயர் 'பறையா நாய்'. நம் மக்களின் சாதிப் பெயரை எடுத்து, விலக்கப்பட்டவர் என்ற பொருளில் ஆங்கில அகராதியில் ஏற்றி, அதையே நாய்க்கும் ஒட்டினார்கள். நாய் ஆர்வலர்கள் சிலர் இப்போது 'இன்டாக்' என்று மாற்றிச் சொல்கிறார்கள். அகராதி மாறவில்லை.

அதனால்தான் நாயைப் பற்றி எழுத நம்மில் பலருக்குத் தயக்கம். 1927 மார்ச் மாதம் மகாடில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடிக்கும் வரை, அங்கே ஆடு மாடு குடிக்கலாம், தீண்டப்படாத மனிதன் குடிக்கக் கூடாது என்பதே வழக்கம். மிருகத்துக்குக் கிடைத்தது மனிதனுக்குக் கிடைக்கவில்லை என்று பேசியே வளர்ந்தவர்கள் நாம். 'மனுஷனுக்கே மருந்து இல்ல, நாய்க்கு என்ன தோழர்?' என்று ஒரு தம்பி கேட்கத்தான் செய்வார். 'பரியேறும் பெருமாள்' படத்தில் தண்டவாளத்தில் கட்டப்பட்ட கருப்பியை அவருக்கு நினைவூட்டுகிறோம். நம் நாய் மேல் விழும் அடி நாயோடு நிற்பதில்லை.

காரிமங்கலம் பக்கத்தில் எங்கள் காலனிப் படிப்பகத்தில் ஒரு நாய் உண்டு. பெயர் செவலை. யாரும் வாங்கிவந்து வளர்த்ததில்லை. மாலையில் பிள்ளைகள் படிக்க வரும்போது வாசலில் படுத்துக்கொள்ளும், கடைசிப் பிள்ளை வீட்டுக்குப் போனதும் எழுந்துகொள்ளும். கேழ்வரகுக் களியில் வளர்ந்த உடம்பு. ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறியில் எலும்பும் சவ்வும் அதற்கு வரும். பிராய்லர் கடையில் கால், தலை. பிள்ளைகள் போடும் பால் பிஸ்கெட் தனிக் கணக்கு.

ஒரு வெயில் காலத்தில் செவலை சொறியத் தொடங்கியது. வால் அடியில் முடி கொட்டியது. காது சிவந்து, உள்ளே பழுப்பு அழுக்கு கட்டி நாறியது. பாதங்களை நக்கி நக்கி விரலிடுக்கு புண்ணாகிவிட்டது. ராத்திரியெல்லாம் காதை உதறும் சத்தம்.

அப்போது சாலையோர டீக்கடையில் ஒருவர் சொன்னார்: "மாட்டுக்கறி போட்டா நாய்க்குச் சொறி வராம வேற என்ன வரும்?"

செவலையை அவர் தொட்டும் பார்க்கவில்லை. அது எந்தத் தெருவில் படுக்கிறது என்பது அவருக்குத் தெரியும், அந்தத் தெருவில் என்ன சமைப்பார்கள் என்பதும் தெரியும். நோயை முடிவு செய்ய அவருக்கு அது போதுமானதாக இருந்தது. பிள்ளைகளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை என்ன செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பட்டறையில் கழித்துவிட்ட இன்ஜின் ஆயில் பூசு, மண்ணெண்ணெய் தடவு, பினாயிலில் குளிப்பாட்டு, மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியை ஒரு அளவில் குத்து. இவற்றில் எதையும் செய்யாதீர்கள் தோழர்களே. ஆயிலும் மண்ணெண்ணெயும் தோலைச் சுடும், நாய் நக்கினால் உள்ளேயும் போகும். ஐவர்மெக்டின் நல்ல மருந்துதான். ஆனால் மாட்டுக்கான செறிவில், எடை பார்க்காமல் குத்தினால் நாயின் மூளை நரம்பைத் தாக்கும். கோலி போன்ற சில இனங்களுக்குப் பிறவியிலேயே அந்த மருந்தைத் தாங்கும் சக்தி கிடையாது.

செவலையை ஆட்டோவில் ஏற்றி அரசு கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். அந்த அம்மா முதலில் பிளேடால் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். சொறிப் பூச்சி இருந்தால் அது வேறு நோய், ஒரு நாயிடமிருந்து இன்னொன்றுக்கும் மனிதருக்கும் தொற்றும், உங்களில் யாருக்காவது அரிப்பு உண்டா என்று கேட்டார். இல்லை. பூச்சியும் தென்படவில்லை. பிறகு முடியில் இருந்த கறுப்புத் துகள்களைச் சீப்பால் வாரி, ஈரமான வெள்ளைத் தாளில் தட்டினார். துகளைச் சுற்றிச் சிவப்பாகக் கசிந்தது. "இது மண் இல்ல தம்பி, தெள்ளுப்பூச்சி எச்சம். நாய் ரத்தத்தைக் குடிச்சுட்டுப் போட்டது" என்றார். தெள்ளுப்பூச்சியின் எச்சில் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு நாலு கடியே போதும், வால் அடி முழுக்க வெந்துவிடும். நாய்களின் அரிப்புக்கு உலகெங்கும் முதல் சந்தேகம் இதன் மேல்தான். அடுத்தது தூசி, தூசியில் வாழும் நுண்பூச்சி, மகரந்தம். உணவு அதற்கும் பின்னால்தான் வரும்.

தெள்ளுப்பூச்சியில் நம் கண்ணில் படுவது கொஞ்சம். முட்டையும் புழுவும் கூடும் நாய் படுக்கும் சாக்கில், மண்ணில், வாசல் இடுக்கில் கிடக்கும். எனவே செவலைக்கு மட்டும் மாத்திரை கொடுத்தால் போதாது, தெருவில் அதோடு சுற்றும் மற்ற நாய்களுக்கும் கொடுக்க வேண்டும் என்றார். மாத்திரை விலை அதிகம், தெருவே சேர்ந்து காசு போட்டது. சாக்குகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போட்டோம். காதுக்குச் சொட்டு மருந்து, புண்ணுக்குத் தனி மருந்து. ஒரு மாதத்தில் வால் அடியில் முடி முளைத்தது. ஆனால் காதும் பாதமும் அடங்கவில்லை. மருந்து நின்றதும் திரும்பி வந்தது.

"சாப்பாட்டைப் பார்த்துடலாம்" என்றார் டாக்டர்.

இதற்கு ரத்தப் பரிசோதனை இல்லையா என்று கேட்டோம். ரத்தத்தையும் எச்சிலையும் முடியையும் வாங்கிப் பட்டியல் கொடுக்கும் கூடங்கள் உண்டு, உணவு ஒவ்வாமைக்கு அவற்றை நம்ப முடியாது என்றார். நம்பத்தக்க வழி ஒன்றுதான். நாய் இதுவரை தின்னாத ஒரு கறி, தின்னாத ஒரு கிழங்கு. எட்டு வாரம் அதைத் தவிர வேறெதுவும் வாயில் படக் கூடாது. உணவுதான் காரணம் என்றால் பத்தில் ஒன்பது நாய்கள் அந்த எட்டு வாரத்துக்குள் தெளிந்துவிடும். பிறகு பழைய உணவை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம். எது வந்ததும் அரிப்பு வருகிறதோ அதுதான் ஆள். திரும்பக் கொடுத்துப் பார்க்காமல் யார் மேலும் குற்றம் சொல்லக் கூடாது.

செவலை தின்னாத கறி எது? ஆடு, கோழி, மாடு, கருவாடு எல்லாம் தின்றிருக்கிறது. மீதி இருந்தது பன்றி. சொன்னதும் எங்களுக்குள்ளேயே சிலர் முகம் சுளித்தார்கள். எங்கள் அடுப்பில் அது ஏறாது என்றார் ஒருவர். அன்றைய மாலை வகுப்பில் பாடம் தானாக மாறியது. சாதியை அண்ணல் ஏன் படிநிலைச் சமத்துவமின்மை என்றார்? மாட்டுக்கறிக்காக நம்மைப் பார்த்துச் சுளித்த அதே முகத்தை நாம் பன்றிக்கறியைப் பார்த்து ஏன் காட்டுகிறோம்? நீண்ட நேரம் பேசினோம். இரண்டு வீடுகள் சமைக்க முன்வந்தன. கொழுப்பை நீக்கி, எலும்பில்லாமல், உப்பு, வெங்காயம், பூண்டு இல்லாமல் நன்றாக வேகவைத்த பன்றிக்கறியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். கறியை விட்டு எலும்பை வேகவைத்துப் போட்டால் அது குடலைக் கிழிக்கும்.

சமைப்பது சுலபம். மற்றவர்கள் எதுவும் போடாமல் பார்த்துக்கொள்வதுதான் பாடு. ஒரு பிஸ்கெட் விழுந்தாலும் எட்டு வாரக் கணக்கு பாழ். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பொறுப்பெடுத்துக்கொண்டார்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார்கள். தினமும் தேதி, தின்றது, அரிப்புக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண், காதின் நிறம். வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். சின்னப் பிள்ளை ஒன்று முறுக்குப் போட்ட அன்று அதையும் எழுதி வைத்தார்கள்.

ஆறாவது வாரத்தில் மதிப்பெண் எட்டிலிருந்து இரண்டுக்கு வந்தது. எட்டு வாரம் முடிந்ததும் கோழி கொடுத்தோம். பதினான்கு நாளும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்து மாட்டுக்கறி. நான்காம் நாள் காது சிவந்தது. ஐந்தாம் நாள் பாதத்தைக் கடிக்கத் தொடங்கியது.

நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பிள்ளைகள் எழுதாமல் உட்கார்ந்திருந்தார்கள். "டீக்கடைக்காரர் சொன்னது சரின்னு ஆயிடும்ல?" என்று ஒரு பெண் கேட்டாள்.

எழுதச் சொன்னோம். நம் பக்கம் நியாயம் இருப்பதால் உண்மை நமக்குத் தோதாக வளையாது. வளைத்து எழுதினால் அவதிப்படுவது செவலை. பிறகு ஒரு கேள்வி கேட்டோம்: அவர் சொன்னதும் நாம் கண்டதும் ஒன்றா? அவர் தெருவைப் பார்த்துச் சொன்னார். நாம் ஒரு நாயை மூன்று மாதம் பார்த்துச் சொல்கிறோம். அவர் சொன்னது எல்லா நாய்க்கும், அந்தக் கறியைத் தின்னும் எல்லா மனிதருக்கும் சேர்த்து. நோட்டுப் புத்தகம் சொல்வது செவலை என்ற ஒரு நாய்க்கு மட்டும்.

செவலையைப் பழைய சாப்பாட்டில் வைத்துத் தெளியவிட்டு, அடுத்துப் பால் கொடுத்தோம். ஆறாம் நாள் அதே காது, அதே சிவப்பு.

இங்கேதான் டாக்டர் சிரித்தார். "ரெண்டும் ஒரே மாடுதானே" என்றார். பசும்பாலிலும் மாட்டுக்கறியிலும் பொதுவாக உள்ள ஒரு புரதமே பல நாய்களில் இரண்டுக்கும் ஒவ்வாமையைத் தூண்டுகிறது என்று 2004இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. ஒவ்வாமை என்பது உடம்பின் காவல் அணுக்கள் ஒரு புரதத்தை எதிரி என்று பிசகாக நினைவில் வைத்துக்கொள்வது. பலமுறை தின்ற உணவின் மேல்தான் அந்த நினைவு பெரும்பாலும் உருவாகும். 297 நாய்களின் பதிவுகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில் மாட்டுக்கறி 34 சதவீதம், பால் பொருட்கள் 17, கோழி 15, கோதுமை 13. மாட்டுக்கறிக்கு அடுத்த இடம் பாலுக்கு! பால்சோறு மட்டுமே போட்டு வளர்க்கும் வீடுகளிலிருந்தும் இதே காதோடு நாய்கள் தன்னிடம் வருகின்றன என்றார் டாக்டர். அந்த வீட்டாரைப் பார்த்து 'பால் ஊத்தினா சொறி வராம என்ன வரும்' என்று இதுவரை எந்த டீக்கடையிலும் யாரும் சொன்னதில்லை.

பால் புனிதம், கறி தீட்டு. ஒரே மாட்டின் உடம்பிலிருந்து வரும் இரண்டுக்கு நடுவே கோடு கிழித்தது சாதி. செவலையின் காதுக்கு அந்தக் கோடு தெரியவில்லை.

அந்தக் கோடு அரசாங்கத் தாளிலும் ஏறும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறிப் பிரியாணிக்கு அதில் இடமில்லை. எதிர்ப்பு கிளம்பியது. மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் இதைப் பாகுபாடாகக் கருதி ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. யாருக்கு என்ன ஒவ்வாமை என்று அங்கே யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அருவருப்புக்குச் சோதனை தேவைப்படுவதில்லை. அது எப்போதும் சுகாதாரம் என்ற பெயரில் வரும்.

செவலைக்கு இப்போது மாட்டுக்கறியும் பாலும் கிடையாது. களி, கோழி, முட்டை, காய்கறி தின்கிறது. பிள்ளைகளின் பால் பிஸ்கெட் நின்றதில்தான் அதற்கு வருத்தம். எங்கள் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி வழக்கம்போல் வேகிறது. தெள்ளுப்பூச்சி மாத்திரை தவறினால் வால் அடி திரும்பவும் சிவக்கும். இது ஆயுளுக்கும் கவனிக்க வேண்டிய உடம்பு.

உங்கள் தெருவிலும் ஒரு செவலை இருக்கும். முதலில் தோலைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள், ஈரத்தாளில் தெள்ளுப்பூச்சி தேடுங்கள். உணவுக்கு வருவது அதன் பிறகு. எட்டு வாரத்துக்கு மேல் வீட்டுச் சமையலை மட்டும் கொடுப்பதென்றால் சுண்ணாம்புச் சத்துக்கு டாக்டரைக் கேளுங்கள். உணவுச் சோதனையில் தெளியாத நாய்க்குத் தூசி ஒவ்வாமை இருக்கலாம், அதற்கும் மருந்துகள் வந்துவிட்டன. ஸ்டீராய்டு உடனே அடக்கும், ஆனால் கடையில் நீங்களாக வாங்கி மாதக்கணக்கில் கொடுக்காதீர்கள். வலிப்பு வரும் நாய்க்குத் தெள்ளுப்பூச்சி மாத்திரை கொடுக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கால்நடை மருத்துவ உதவிக்கு 1962 என்ற எண் இருக்கிறது. சிக்கலான நோய்க்கு நாமக்கல்லிலும் சென்னை வேப்பேரியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உண்டு.

இன்னொன்று. நம் ஊர் மருந்தகங்கள் மாட்டையும் ஆட்டையும் மனதில் வைத்தே நடக்கின்றன. மாடு இல்லாத காலனிக்காரர் நாயைத் தூக்கிக்கொண்டு போனால் வரிசையில் கடைசி. நாய்க்கான தோல் மருந்தும் தெள்ளுப்பூச்சி மருந்தும் அங்கே இருப்பு வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் கேளுங்கள். கேட்கப் போகும்போது கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். தேதியும் கணக்கும் போட்டு, நமக்குப் பிடிக்காத விடையையும் மறைக்காமல் எழுதிய நோட்டு. தெருவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர்கள் முன்னால் அதை விரித்து வைக்கலாம்.